பங்குபோட்ட குளிசைகள்

செம்பு உடம்பில் தங்கிவிடும் நோய் எனக்கு. சாப்பாட்டோடு உள்ளே போகிற துளிச் செம்பு மற்றவர்களுக்குத் தானாகவே வெளியே போய்விடும். எனக்கு அது ஈரலிலும் மூளையிலும் குடியேறிவிட்டது. எழுபதுகளில், துறைமுகக் கந்தோர் ஒன்றில் டெலிபோன் ஒப்பரேட்டராக இருந்தபோதுதான் இது தெரியவந்தது. முதலில் கை நடுங்கியது, சமாளித்தேன். பிறகு நாக்குக் குழறியது. மறுமுனையில் இருப்பவர்கள், "ஆர் கதைக்கிறது? வேற ஆளிட்டக் குடுங்கோ" என்றார்கள். குரலால் சம்பளம் வாங்குகிறவளுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்?

கொழும்பு டொக்டர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கருவிழியைச் சுற்றிப் பழுப்பு வளையம் ஓடியதாம். செம்பைப் பிடித்துச் சிறுநீரோடு வெளியேற்றும் குளிசைகளைத் தந்து, ஆயுள் முழுக்க விடக்கூடாது என்றார். நண்டு, இறால், கணவாய், ஈரல் எதுவும் கூடாது. திருகோணமலையில் பிறந்தவளுக்கு மிச்சம் என்ன இருக்கிறது என்று எரிச்சல் வந்தது.

டொக்டர் அம்மாவிடம், "இது தாய் தகப்பன் ரெண்டு பக்கத்தாலயும் வாறது. இவவின்ர தங்கச்சியையும் ஒருக்கால் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். அப்பாவும் அம்மாவும் சொந்த மச்சான் மச்சாள், அண்ணன் தங்கை பிள்ளைகள்.

"ஓம் டொக்டர்" என்று தலையாட்டிய அம்மா, வெளியே வந்ததும் குரலை மாற்றினார். "அவளுக்கு ஒண்டுமில்லை. மாப்பிள்ளை வீட்டார் காதில விழுந்தால் சம்பந்தம் முறிஞ்சிடும். நீயும் வாயை மூடிக்கொண்டிரு."

குளிசை தொடங்கிய புதிதில் வாயில் உப்பும் தெரியவில்லை, புளியும் தெரியவில்லை. மருந்தின் குணம் அது என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் பேச்சுத் திரும்பியது. மறுபடி என் குரலில் கப்பல் வரவுகளைச் சொன்னேன். குளிசைப் போத்தல் அம்மாவின் அலுமாரியில் இருந்தது. மூடியைத் திருக என் விரல்களுக்கு வலு இல்லாததால் அவரே எடுத்துத் தருவார்.

ஒருமுறை எனக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவே கொழும்புக்குப் போய் மருந்து வாங்கி வந்தார். அதன் பிறகு இரண்டு குளிசைக்குப் பதிலாக ஒன்றுதான் கைக்கு வந்தது. "டொக்டர் குறைக்கச் சொன்னவர். உனக்குச் சுகம் வந்திட்டுதாம்" என்றார். நானும் சந்தோஷப்பட்டுத் தொலைத்தேன்.

கொஞ்சக் காலத்தில் நாக்கு மறுபடி தடித்தது. கந்தோரில் என்னை டெலிபோனிலிருந்து எழுப்பிக் கோப்பு அறைக்கு அனுப்பினார்கள். விதி என்று அழுதேன்.

தங்கச்சியின் கலியாணம் நெருங்கியிருந்தது. ஒரு மத்தியானம் குசினியில் அவள் சொதிக்கு உப்புப் போட்டாள். ருசி பார்த்தாள். திரும்பவும் போட்டாள். நான் ஒரு கரண்டி வாயில் வைத்துத் துப்பினேன். கடல் தண்ணீர் தோற்றுவிடும்.

"உப்புத் தெரியேல்லையா?"

"ஒண்டும் தெரியேல்லை அக்கா. இரும்பை நக்கின மாதிரி இருக்குது."

"என்ன குளிசை போடுறாய்?" என்றேன். அவள் தலையைக் குனிந்தாள். "அம்மா தாறவ. உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டு சொன்னவ."

பின்னால் வந்து நின்ற அம்மா மறைக்கவில்லை. "தேத்தண்ணி குடுக்கேக்க அவளின்ர கை ஆடினது. மாப்பிள்ளை வீட்டார் பார்க்கப்போறது அந்தக் கையைத்தான். டொக்டரிட்டக் காட்டினால் ஊருக்கே தெரிஞ்சிடும். உனக்கு இனி எங்க கலியாணம்?"

பெற்றவள் என் மருந்தைத் திருடினாள். இதற்கு நல்ல சொல் தேட எனக்கு இன்றைக்கும் மனமில்லை. இரண்டு பேருக்கும் போதாத மருந்தை இரண்டு பேருக்கும் கொடுத்து, என் குரலை எடுத்து அவள் கைக்கு முட்டுக்கொடுத்திருக்கிறாள். தங்கச்சியும் தெரிந்துதான் விழுங்கியிருக்கிறாள்.

கத்தினேன். டொக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்றேன். தங்கச்சியும் சாகப்போகிறாள், நானும் சாகப்போகிறேன் என்றேன். அத்தனையும் குழைந்து எச்சிலோடு வந்தது. அம்மா நெற்றியைச் சுருக்கி, "இவள் என்ன சொல்லுறாள்?" என்று தங்கச்சியிடம் கேட்டார்.

சிறுவயதிலிருந்து என்னோடு ஒரே பாயில் படுத்தவள். நான் எப்படிக் குழறினாலும் அந்த வீட்டில் அவளுக்கு மட்டும் விளங்கும்.

"ஒண்டுமில்லை அம்மா" என்றாள்.