கரட்டில் வைத்த மருந்து

ஷிரினுக்குக் கோபமே வராது என்றுதான் கள்ளக்குறிச்சியில் அவளைத் தெரிந்தவர்கள் எல்லாரும் நினைத்திருந்தார்கள். துணிக்கடை ரவூபின் கடைசிப் பெண். விலங்கியல் படித்துவிட்டு, மலையடிவாரத்து ஊர் ஒன்றில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்க ஸ்கூட்டரில் போய் வந்தாள்.

ஊருக்குப் பின்னால் சின்னக் குன்றாக ஒரு கரடு. அங்கே பாறைப் பொந்தில் ஓநாய் ஒன்று குட்டி போட்டிருந்தது. ஓநாய் என்றால் திருட்டுப்பயல் என்று மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைகளைப் பம்புசெட் கொட்டகை மேல் படுக்கவைத்து, பைனாகுலரில் பார்க்கச் செய்தாள். அப்பனும் ஆத்தாளும் வேட்டைக்குப் போயிருக்க, போன வருஷம் பிறந்த அக்காக்காரி குட்டிகளைக் காவல் காத்துக்கொண்டிருந்தது. தம்பியை இடுப்பில் சுமந்தபடியே வகுப்புக்கு வரும் தேவிப்ரியா, "எங்க வூடு மாதிரியே கீது மிஸ்" என்றாள்.

மாசியில், அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காக ஆட்டுக்கிடை போட்டார்கள். கிடையில் செத்த குட்டிகளை யாரும் புதைப்பதில்லை; வரப்போரம் வீசிவிடுவார்கள். அதைத் தின்று பழகிய தெருநாய்கள் ஒருநாள் கிடைக்குள் புகுந்து ஆடுகளைக் குதறிப் போட்டுவிட்டுப் போயின. நாய்களை அப்படி வளர்த்துவிட்டது தாங்கள்தான் என்று ஒத்துக்கொள்ள ஊருக்கு வாய் வரவில்லை. பழி கரட்டின்மேல் விழுந்தது.

கிடைக்காரர் நாராயணசாமி, செத்த ஆட்டில் பயிர்ப்பூச்சிக்குப் போடும் குருணை மருந்தைத் தூவிக் கரட்டடியில் போட்டுவிட்டார். டீக்கடை கொளஞ்சியப்பன் சொல்லித்தான் ஷிரினுக்குத் தெரிந்தது. நேரே நாராயணசாமியின் மாட்டுக் கொட்டகைக்குப் போனாள்.

"உங்க வூட்டு பிரியாணிக்கும் நாங்கதான் ஆடு வளக்கறோம் டீச்சரம்மா. ஓநாய்க்கும் சேத்து வளக்கணுமா?" என்றார் அவர்.

அவள் அதை விழுங்கிக்கொண்டாள். "ஓநாய் தின்னத வயித்துல சுமந்துகினு போய்க் குட்டிங்களுக்குக் கக்கும்ங்க. ஒண்ணு மட்டும் சாவாது, குடும்பமே சாவும். எடுத்துப் புதைச்சிடுங்க."

பொழுது சாய்வதற்குள் புதைத்துவிடுவதாக, மனைவி பெரியம்மாளை வைத்துக்கொண்டே வாக்குக் கொடுத்தார். ஷிரின் நம்பிவிட்டாள். கரட்டடிக்குப் போய்ப் பார்க்காமல் வீடு திரும்பினாள்.

மறுநாள் ஆடு போட்ட இடத்திலேயே கிடந்தது, பாதி தின்றபடி. பொந்து வாசலில் குட்டிகள் வாயில் நுரையோடு விறைத்துக் கிடந்தன. அக்காக்காரி அவற்றின் குறுக்கே விழுந்திருந்தது.

ஓநாய்கள் கல்வராயன் மலைமேல் ஏறிப்போய்விட்டன என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடச் சொன்னார்கள் ஊர்க்காரர்கள். சின்னப் பசங்க மனசு நோகுமாம். மருந்து தூவும்போது அந்த மனசு எங்கே போயிருந்தது? இன்னொரு பொய்யையும் தன் வாயால் சொல்லவைக்கப் பார்க்கிறார்களே என்று அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அன்று மாலை எல்லாவற்றையும் சொன்னாள். யார் வைத்தது, என்ன மருந்து, யார் யாரெல்லாம் செத்தார்கள் என்று ஒன்றையும் மறைக்கவில்லை. முன்வரிசையில் நாராயணசாமியின் பேரன் செழியன் உட்கார்ந்திருந்தான். அவனுக்காகவும் அவள் குரலைத் தணிக்கவில்லை.

அடுத்த நாள் நாராயணசாமி வகுப்பு வாசலில் வந்து நின்றார். துண்டு கையில் இருந்தது.

"பேரன் என் கையால சோறு வாங்க மாட்டேங்கறான். தாத்தாவுக்கு வெவரம் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா."

"தெரியுங்க. நான்தானே வந்து சொன்னேன்" என்றாள் ஷிரின்.

செழியன் தலையைத் தூக்கவே இல்லை.