தகரப்பெட்டிக்கு ஒரு பொட்டலம்

போன ஞாயிற்றுக்கிழமை புக்கிட் பாருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, புதிதாக வாங்கிய மடிக்கணினியில் லினக்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். ‘இந்த டிஸ்க்கில் இருப்பதை எல்லாம் அழித்துவிடட்டுமா?’ என்று அது மரியாதையாகக் கேட்டது. அழிப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. எண்டரைத் தட்டப் போன நேரம் பார்த்து, பக்கத்து மேசைப் பெண் கடைக்காரரிடம், “தே ஓ, கோசோங்” என்றாள். என் கை தானாகப் பின்வாங்கிவிட்டது. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் ஒரு தினுசாகப் பார்த்தாள்.

பாவம், அவள் கேட்டது சீனி போடாத கறுப்புத் தேநீர். மலாயில் கோசோங் என்றால் காலி. பூஜ்யத்துக்கும் அதே சொல்தான். தேநீரில் சீனி வேண்டாம் என்பதற்கும் அதைத்தான் சொல்ல வேண்டும். ஒரே சொல்லுக்கு இத்தனை வேலை கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சொல்கிறேன், கேளுங்கள்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் இருக்கும். காஜா பெராங் சாலையில் ஒரு கோப்பிக்கடை. அதன் மாடியில், முன்பு டியூஷன் நடந்த அறையில், மாதம் ஒரு ஞாயிறு நாங்கள் கூடுவோம். லினக்ஸ் பயனர் குழு என்று பெயர். நல்ல நாளாக இருந்தால் பதினைந்து பேர், மழை பெய்தால் நானும் மணியமும். மணியம் கைத்தொலைபேசிக் கடையில் வேலை பார்த்தான். நான் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். கீழேயிருந்து கோப்பி வாசனை ஏறி வரும். திறந்து போட்ட கணினிகளிலிருந்து சூடேறிய தூசி நாற்றம் வரும். இரண்டும் கலந்த அந்த மணம் எங்காவது எதிர்ப்பட்டால் இன்றும் நான் அந்தக் காலத்து ஒல்லிப் பையனாகிவிடுகிறேன். வயிறுதான் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது.

அந்தக் காலத்து மானிட்டர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி கனம். அதை மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு வருவோம். எதற்கு? ஒரு குறுந்தட்டுக்காக. அதைப் போட்டால் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே கணினி முழுசாக எழுந்து நிற்கும். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து செய்தது, எடுத்துக்கொள் என்று கொடுத்தது. முதல் தடவை அது எழுந்தபோது நான் வாயைத் திறந்தபடி நின்றேன் என்று மணியம் பல வருஷம் சொல்லிக் காட்டினான். என் அம்மாவுக்கு மட்டும் அது பிடிக்கவே இல்லை. “சும்மா குடுக்கிறானா? அப்ப என்னாவோ கோளாறு இருக்கு லா” என்றார்.

புதிதாக வருகிறவர்களுக்காக நான் ஒரு குறிப்புத்தாள் எழுதி வைத்திருந்தேன். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் லினக்ஸுக்கு வேறு வேறு. உன் கோப்புகளுக்குத் தனிப் பகுதி ஒதுக்கி வை, நாளைக்கு மறுபடி ஏற்றினாலும் அது பிழைக்கும். ‘ஆர்எம்’ என்பது இங்கே நம் ரிங்கிட் பணக்குறி இல்லை, அழிக்கும் கட்டளை, போனால் போனதுதான். இப்படிப் போகும். எல்லாவற்றுக்கும் மேலே, கொட்டை எழுத்தில் முதல் குறிப்பு: ‘எண்டர் தட்டும் முன் இரண்டு கைகளையும் மடியில் வைத்து, திரையில் இருப்பதை ஒரு முறை படி.’ எழுதியவன் நான்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் மெர்டேக்கா விடுமுறையன்று ஒரு முகாம் வைத்தோம். கணினியைக் கொண்டுவந்தால் லினக்ஸ் ஏற்றித் தருவோம். சாலை முழுக்கக் கொடி. கோப்பிக்கடை வானொலியில் அணிவகுப்பு வர்ணனை. சுதந்திர தினத்தில் சுதந்திர மென்பொருள் என்று மணியம் புளகாங்கிதப்பட்டு, மாடிச் சன்னலில் ‘பெபாஸ்’ என்று மலாயில் பெரிதாக எழுதித் தொங்கவிட்டான். விடுதலை என்று பொருள். தீர்வை இல்லாத கடைகளுக்கும் அந்தச் சொல்லையே போடுவார்கள். காலையிலிருந்து நான்கு பேர் படியேறி வந்து சாக்லேட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஐந்தாவதாக வந்தவர் கமலா அக்கா. கம்போங் செட்டிக்காரர், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கல்யாணங்களுக்கும் கோயில் விசேஷங்களுக்கும் ஆர்டர் எடுத்துச் சமைப்பவர். கணினியை ஒரு பெரிய அலுமினியச் சட்டியில் வைத்து, கணவரை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லித் தூக்கிக்கொண்டு வந்தார். வைரஸ் வந்து வந்து சலித்துப்போச்சு, உங்கள் சாமானைப் போடுங்கள் என்றார். இந்தச் செட்டிகள் பல நூற்றாண்டுக்கு முன்பே இங்கே வந்து கலந்துபோன தமிழ் வம்சம். வீட்டில் பேசுவது ஒரு தனி மலாய், நடுநடுவே நம் சொற்கள் எட்டிப் பார்க்கும். அவர் சொன்னதை நான் நம் பேச்சிலேயே எழுதிவிடுகிறேன்.

மணியம் வேறொரு கணினியில் ‘சுடோ’ என்று ஆரம்பித்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். லினக்ஸில் பெரிய வேலை எதுவானாலும் அந்தச் சொல்லை முன்னால் போட்டால்தான் நடக்கும், அது அதிகாரம் கொடுக்கும் சொல். கமலா அக்கா கண்ணைச் சுருக்கிப் படித்துவிட்டு, “இதுக்கு எதுக்குத் தம்பி கரண்டி?” என்றார். மலாயில் சுடு என்றால் கரண்டி. மணியம் நாற்காலியிலிருந்து விழாத குறை. அன்றிலிருந்து எங்கள் குழுவில் யாரும் சுடோ என்று சொன்னதில்லை. ‘கரண்டி போட்டியா?’ என்பதுதான் பேச்சு.

அவர் கணினியில் இரண்டு ஹார்ட் டிஸ்க் இருந்தன. ஒன்றில் விண்டோஸ். இரண்டாவதில் லினக்ஸ் ஏற்றலாம் என்று உட்கார்ந்தேன். அந்த நேரம் தவுக்கே, கீழ்க்கடை முதலாளி, என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்க மேலே வந்திருந்தார். நான் திரையைப் பார்த்தபடியே, “ரெண்டாவது டிஸ்க் கோசோங்தானேக்கா?” என்றேன். என் முதுகுக்குப் பின்னால் கமலா அக்காவின் குரல் தெளிவாகச் சொன்னது: “கோசோங்.”

எண்டரைத் தட்டினேன்.

கமலா அக்கா சீனி போடாத தேநீர்க் கோப்பையோடு என் பக்கம் வந்தபோது திரையில் நீலக் கோடு கொஞ்ச தூரம் ஓடியிருந்தது. “ரெண்டாம் நம்பரையா அழிக்குது? எம் புத்தகம் அதுலதானே இருக்கு” என்றார். சத்தம் போடவில்லை. மணியம் பாய்ந்து மின்கம்பியைப் பிடுங்கினான். அறையே நின்றுவிட்டது. கீழே அணிவகுப்பு மட்டும் நடந்துகொண்டிருந்தது.

புத்தகம் என்று அவர் சொன்னது நான்கு வருஷம் தட்டிய ஒரு கோப்பு. தான் சமைத்ததை எல்லாம், எத்தனை பேருக்கு எவ்வளவு என்று, தப்பாகப் போனதையும் விடாமல் எழுதி வைத்திருந்தார். அடுத்த சனிக்கிழமை முன்னூறு பேர் கல்யாணம். ஐம்பது பேருக்கு அவர் கை பழகியிருந்தது. அதை ஆறால் பெருக்க வேண்டியதுதானே என்பீர்கள், நானும் அசட்டுத்தனமாக அதைத்தான் சொன்னேன். “உப்பும் புளியும் வாய்ப்பாடு படிச்சதில்ல தம்பி. மொத வாட்டி பெருக்கித்தான் போட்டேன். கொழம்பு சட்டியோட திரும்பி வந்துச்சு” என்றார். முன்னூறுக்கான சரியான அளவு, இரண்டாம் தடவை கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்தது, அந்தக் கோப்பில் மட்டும்தான் இருந்தது. இன்னொரு தடவை சட்டி திரும்பினால் அதற்கப்புறம் யாரும் தன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று கணவரிடம் மெதுவாகச் சொன்னார். எனக்குக் கேட்டது. அந்த நிமிஷம் நான் பட்ட வெட்கத்தை எழுதத் தெரியவில்லை.

தவுக்கேயின் தொலைபேசிக் கம்பியை மாடிவரை இழுத்து, வேறொரு கணினியில் இணையத்துக்குப் போனோம். உலகம் முழுக்க லினக்ஸ்காரர்கள் தட்டிப் பேசிக்கொள்ளும் ஓர் அரட்டை அறை இருந்தது. நடந்ததை எழுதினேன், தேநீர்க் கதையையும் மறைக்கவில்லை. சிலர் சிரித்தார்கள். டின்பாக்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. உடனே எழுதினார்: அந்த டிஸ்க்கில் இனி ஒரு எழுத்துக்கூட எழுதாதே. அழித்தது அட்டவணையைத்தான், பக்கங்கள் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். குறுந்தட்டிலிருந்து எழுப்பு. டிஸ்க் முழுவதையும் ஒரே நீளமான காகிதமாக நினைத்துக்கொண்டு ஒரு சொல்லைத் தேடு, அது வரும் இடத்தைச் சுற்றியுள்ள வரிகளை மற்ற டிஸ்க்கில் கொட்டு. கட்டளையை முழுசாக எழுதியும் கொடுத்தார். கடைசியில் கேட்டார்: அந்தக் கோப்பில் அடிக்கடி வரும், வேறெங்கும் வராத சொல் எது?

கமலா அக்காவிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “சுடு” என்றார்.

எத்தனை கரண்டி என்பதுதானே அவருடைய புத்தகம் முழுக்க. நான் தட்டினேன்: முதலில் சுடோ, பிறகு தேடும் கட்டளை, பிறகு சுடு. ஒரே வரியில் இரண்டு கரண்டி. கைகளை மடியில் வைத்தேன். படித்தேன். மணியமும் படித்தான். கமலா அக்காவும் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துத் தலையாட்டிய பிறகுதான் எண்டரைத் தட்டினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. டிஸ்க் கரகரவென்று ஓடுகிற சத்தம்தான். பிறகு திரையின் அடியில் ஒரு வரி வந்தது. மலாயில் இருந்ததை இப்படிச் சொல்லலாம்: ‘ஆறு கரண்டி. உப்பு கூடிடுச்சு. வீட்டுக்காரர் பேசல.’ அடுத்தது: ‘அஞ்சு கரண்டி. இன்னும் உப்பு. வீட்டுக்காரர் சாப்பிட்டார்.’ அதற்கடுத்தது: ‘நாலரை. மறுபடி கேட்டு வாங்கினார்.’ அந்த வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழித்துவிட்டேன் என்று நான் நினைத்த இடத்திலிருந்து ஒருத்தியின் நான்கு வருஷம் வரி வரியாக எழுந்து வந்தது. எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. கணினி எத்தனையோ பார்த்துவிட்டேன், அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படி ஒரு பிரமிப்பு வந்ததில்லை.

ஐம்பது பேர் வந்தது. நூறு வந்தது. முன்னூறு வரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தவுக்கே இரண்டு தடவை கீழே தொலைபேசியை எடுத்து ஹலோ ஹலோ என்றுவிட்டு, இணையத்தின் கொய்ங் சத்தம் கேட்டதும் வைத்துவிட்டார். டின்பாக்ஸ் நடுநடுவே, வந்ததா, என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஆணா பெண்ணா, எந்த நாடு, அங்கே பகலா இரவா, எதுவும் தெரியாது. பழக்கமில்லாத ஊரில், பழக்கமில்லாத கல்யாணத்துக்கு, அவர் காத்துக்கொண்டிருந்தார்.

கிட்டத்தட்ட டிஸ்க்கின் கடைசியில் அது வந்தது. கமலா அக்கா முன்னால் குனிந்து, விரலைத் திரையில் வைத்து, உதடு அசையப் படித்தார். இரண்டு குறிப்புகளுக்கு வால் போயிருந்தது, முன்னூறு மட்டும் முழுசாக இருந்தது. புத்தகம் மொத்தமும் ஒரே பிளாப்பியில் அடங்கிவிட்டது. அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, “அந்த ஆளு பேரு என்னா?” என்றார். டின்பாக்ஸ் என்றேன். தகரப்பெட்டி என்று மணியம் விளக்கினான்.

சட்டி திரும்பவில்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கமலா அக்கா வாழையிலையில் கட்டிய பொட்டலங்களோடு படியேறி வந்தார், சோறும் பிண்டாங் என்கிற புளி மீன் குழம்பும். நாங்கள் ஒன்பது பேர், பொட்டலம் பத்து. “இது தகரப்பெட்டிக்கு” என்று ஒன்றைத் தனியே வைத்தார். நான் அரட்டை அறையில் எழுதினேன். ‘என் பங்கை நீங்களே சாப்பிட்டு, எப்படி இருந்தது என்று எழுதுங்கள்’ என்று பதில் வந்தது. அதுவே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு மாதமும் ஒரு பொட்டலம் அதிகம். யார் முறையோ அவர் அதைச் சாப்பிட்டு, உட்கார்ந்து நான்கு வரி எழுத வேண்டும். என் ஆங்கிலம் கொஞ்சம் தேறியதே புளிப்பை விவரித்து விவரித்துத்தான்.

எப்போது குறைய ஆரம்பித்தது என்று சொல்ல முடியவில்லை. லினக்ஸ் ஏற்றுவது சுலபமாயிற்று, அதற்காகத்தான் நாங்களும் ஆசைப்பட்டோம். கேள்வியைத் தேடுபொறியில் போட்டால் பதில் வந்தது, ஆளிடம் கேட்க வேண்டியதில்லை. மணியம் வேலைக்குச் சிங்கப்பூர் போனான். கடைசிக் கூட்டத்தன்று மழைகூட இல்லை, நான் ஒருவன்தான் உட்கார்ந்திருந்தேன். கமலா அக்கா இரண்டு பொட்டலங்களோடு மூச்சு வாங்க ஏறி வந்தார்.

“இன்னிக்கும் மத்தவங்க இல்லையா?”

“யாரும் வரலக்கா.”

“தகரப்பெட்டி?”

“அதுவும் வர்றதில்ல. ஒரு வருசமா ஆள் சத்தமே இல்ல.”

அவர் பொட்டலத்தை மேசையில் வழக்கமான இடத்தில் வைத்தார். “அது எப்பத்தான் வந்துச்சு, தம்பி? இருந்துச்சு, அவ்ளோதான்” என்றார். அன்று இரண்டையும் நான்தான் சாப்பிட்டேன். நான்கு வரியும் எழுதினேன்.

அந்த மாடியில் இப்போது சுற்றுலாக்காரர்கள் தங்குகிறார்கள். கமலா அக்கா புக்கிட் காதிலில் மகளோடு இருக்கிறார், ஆர்டர் எடுப்பதில்லை. புது மடிக்கணினியில் லினக்ஸ் ஏறக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதுதான் எப்படியோ இருந்தது. வீட்டுக்கு வந்து, பழைய அரட்டை அறை இன்னும் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. வலது பக்கத்தில் உள்ளே இருப்பவர்களின் பெயர்கள் வரிசையாக வரும், ஒரு காலத்தில் உருட்டி உருட்டிப் பார்த்தாலும் தீராது. இப்போது ஒரே பெயர், என்னுடையது. நான் வெளியே வந்தால் அறை கோசோங் ஆகிவிடும். அதனால் இன்னும் வெளியே வரவில்லை.