அண்ணி வாசித்த கடைசிப் பக்கம்

என் மடியில் இருக்கும் இந்த நாவலின் பின்னட்டைக்கு உள்பக்கம் ஒரு கூந்தல் தைல விளம்பரம். முழங்கால் வரை முடி தொங்க ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், ஒரு மழைநாள் காலையில், இதே படத்தைப் பார்த்தபடிதான் என் அண்ணி ஒரு கொலையை வாசித்தாள். அந்தப் பக்கத்தில் கொலையும் இல்லை, கதையும் இல்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மலாயாவில் லாபிஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் பால்மரம் வெட்டினோம், அதாவது பட்டையைக் கீறிப் பால் இறக்கினோம். மழையில் பட்டை நனைந்துவிட்டால் அன்றைக்கு வெட்டு கிடையாது. லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளின் பெண்களெல்லாம் எங்கள் வாசலில் கூடிவிடுவார்கள். ஊரில் நாலாவது வரை படித்துவிட்டுக் கப்பலேறியவள் அண்ணி. தடங்கலில்லாமல் வாசிக்கத் தெரிந்த பெண் அவள் ஒருத்திதான். நாவல்கள், நானா என்று நாங்கள் கூப்பிட்ட மளிகைக்கடைக்காரரிடமிருந்து வரும். மிளகு சீரகம் மடிக்க அவர் பழைய புத்தகங்கள் வாங்கி வைத்திருப்பார். முன்னட்டைப் படம் கெடக்கூடாதென்று பின்னாலிருந்துதான் கிழிப்பார். அட்டை தடிப்பு, மடிக்க வராது என்று அதை மட்டும் விட்டுவிடுவார். ஆகவே எங்கள் தோட்டத்துக்கு வந்த எந்த நாவலுக்கும் முடிவு இருந்ததில்லை.

அதனால் அண்ணியின் தீர்ப்பு நின்றுவிடவில்லை. துப்பறியும் நாவலென்றால், "மீசைய எடுத்துட்டா கட்டுன பொண்டாட்டிக்கே அடையாளம் தெரியலையாம். அவ என்ன குருடியா?" என்பாள். காதல் நாவலுக்கு, "ஒரு கடுதாசி எழுத மூணு அத்தியாயம். அதுக்குள்ள நான் நூறு மரம் வெட்டிருவேன்." ராஜா கதையில் எரிச்சல் அதிகம். "பத்தாயிரம் பேரு செத்தாங்கன்னு ஒரே வரில போட்டுட்டுப் போயிட்டான். பொணத்த யாரு தூக்குனா? அத எழுதச் சொல்லு." பேய்க் கதையைக் கேட்டுச் சிறுசுகள் நடுங்கும்போது, "பேய் கழுத்த நெரிக்குதாம். நம்ம கங்காணிய விடவா?" என்று ஒரே போடாகப் போடுவாள். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலிக்கும்.

முடிவுகள் அவளுடைய கைச்சரக்கு. ஆனால் வாசிப்பது போலவே குரல் மாறாமல் சொல்லுவாள். கேட்பவர்களுக்கு அதுவும் அச்சு. பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது என்றாலும் விளம்பரப் படத்தைத் தெரியாதா?

லயத்தின் கடைசி வீட்டுக்காரியும் கேட்க வருவாள். அவள் புருஷன் பால் வாளி தூக்கும் காண்டாக் கம்பால் அவளை அடிப்பான். ஒரு முறை காறை எலும்பு உடைந்தது, ஒரு முறை வயிற்றிலிருந்த பிள்ளை போனது. கங்காணியிடம் சொன்னதற்கு, "வீட்டுச் சண்ட" என்று திருப்பி அனுப்பினார். அந்த மழைநாளில் ஒரு கண் மூடி வீங்கியிருக்க, கையைத் துணியில் தொங்கக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நாவலிலும் அப்படியொரு புருஷன். அவன் சவுக்கை ஓங்குகிறான், மனைவி அடுப்படியில் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அத்தோடு நானா கிழித்துவிட்டார்.

அண்ணி அந்த வீங்கிய கண்ணைப் பார்த்தாள். பிறகு தைலக்காரியின் படத்தைப் பார்த்தபடி வாசித்தாள். அந்த மனைவி அவனை வெட்டினாள். நீதிபதி கதையெல்லாம் கேட்டுக் கண் கலங்கி, "நீ போகலாம் அம்மா" என்றார்.

"விட்டுட்டாங்களாக்கா? அதுல அப்படியா போட்டிருக்கு?" என்று கேட்டாள் கடைசி வீட்டுக்காரி.

"அச்சுல போட்டிருக்குடி."

பத்து நாள் கழித்து, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கூப்பிடும் விடியற்காலையில், வாசலில் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்த புருஷன் பிடரியில் கடைசி வீட்டுக்காரி பாராங் கத்தியால் மூன்று முறை வெட்டினாள். கதையில் வெட்டினால் ஒரு வரியில் செத்துவிடுகிறார்கள். இவன் எழுந்து ஓடினான். இரண்டு வீடு தாண்டி எங்கள் வாசலில், அண்ணி நாவல் வாசிக்கிற அதே இடத்தில் விழுந்தான். கத்த வாய் திறந்தபோது காற்று கழுத்து வழியாக வந்தது. சாக வெகுநேரம் பிடித்தது. அண்ணி இரண்டு நாள் அந்தச் சிமெண்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

போலீஸ் வந்தபோது கடைசி வீட்டுக்காரி குளித்துத் துவைத்த சேலை கட்டிக்கொண்டு தயாராக இருந்தாள். முகத்தில் பயமே இல்லை. "போயிட்டு வந்துர்றேங்க்கா. ஆட்டுக்குட்டிக்குத் தழ மட்டும் போட்டுருங்க" என்றாள். ஜொகூர் பாரு கோர்ட்டில், புத்தகத்தில் விட்டுவிட்டார்களே என்று நீதிபதியிடமே கேட்டாளாம். மொழிபெயர்த்தவர் சிரித்தாராம். சிறையில் இரண்டாம் வருஷம் காய்ச்சலில் செத்தாள். ஆட்டுக்குட்டி அதற்குள் இரண்டு ஈற்று ஈன்றிருந்தது.

அதன் பிறகு அண்ணி புத்தகத்தைத் தொடவில்லை. ஒரே ஒரு முறை என்னிடம் கேட்டாள்: "நான் இட்டுக்கட்டுறேன்னு ஒனக்குத் தெரியும்ல? அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேடி." சொல்லியிருக்கலாம். அந்தக் கதை எனக்கும் பிடித்திருந்தது. கதையில் அவன் வெட்டுப்பட்டபோது நானும்தான் கை தட்டினேன். இந்த வெட்கம் இன்னும் என்னை விட்டபாடில்லை.

பிள்ளைகளோடு உட்கார்ந்து நானும் பின்னால் எழுத்துக் கற்றேன். இருபது வருஷம் கழித்து, போன மாதம் சிங்கப்பூர்ப் பழைய புத்தகக் கடையில் இந்த நாவல் முழுசாகக் கிடைத்தது. அண்ணிக்கு இப்போது கண் தெரியாது. கேட்கிறாயா என்றேன். "முடிவ மட்டும் வாசி" என்றாள்.

வாசித்தேன். அந்த மனைவி புருஷன் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கிணற்றில் விழுகிறாள். அவன் மனம் திருந்திக் காசிக்குப் போகிறான்.

"அச்சுல அப்படியா போட்டிருக்கு?"

"ஆமா அண்ணி."

"அந்தக் கடைசி வீட்டுக்குப் பின்னாடியும் ஒரு கெணறு இருந்துச்சு" என்றாள். கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினாள். தாள்களை ஒவ்வொன்றாக விரலால் தடவி, "நானா எதுவரைக்கும் கிழிச்சாரு?" என்று கேட்டாள். அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். அங்கிருந்து கடைசிவரை ஒரே பிடியாகக் கிழித்தெடுத்தாள். பிறகு அட்டையோடு மிஞ்சியதை என் மடியில் வைத்தாள்.

"இப்ப மொதல்லேருந்து வாசி."