யாரும் தூக்கக் கூடாது

தனுஷ்கோடி தன் மகள் சண்முகத்தாயைப் பதினோரு வருஷம் தரையில் நடக்க விடவில்லை. ராஜபாளையத்தில் அவர் குடியிருந்த தெருவே இதைச் சொல்லி மெச்சியது. "பொறந்தா இப்படி ஒரு தகப்பனுக்குப் பொறக்கணும்" என்பார்கள்.

இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் அவளுடைய இடது கால் துவண்டுபோனது. அம்மன் கோபம் என்றார்கள் சொந்தக்காரர்கள். போன ஜென்மத்துப் பாவம் என்றார் ஜோசியர். வெள்ளித் தகட்டில் கால் செய்து கோயில் உண்டியலில் போட்டாயிற்று. போலியோவுக்குச் சொட்டு மருந்து இருக்கிறது என்று சொல்ல மட்டும் அந்தத் தெருவுக்கு ஒருவரும் வரவில்லை. சோறு ஊட்டிவிட்டால் தின்கிற பிள்ளை என்ன பாவத்தைச் செய்திருக்கும் என்று கேட்கவும் ஆளில்லை.

தனுஷ்கோடிக்குப் பஞ்சு மில்லில், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் வேலை. காலை ஷிப்டை யாரிடமாவது கெஞ்சி மாற்றிக்கொள்வார். மகளைத் தூக்கிச் சைக்கிளில் வைப்பார், பள்ளிக்கூடத்தில் தூக்கி இறக்குவார், பெஞ்சில் உட்கார்த்திவிட்டு வருவார். அவள் ஏழாவது படிக்கும்போது ஒரு முகாமில் அவள் அளவுக்குத் தொடைவரை கம்பி வைத்த பூட்ஸ் கொடுத்தார்கள். போட்ட முதல் நாளே தொடை உரசிப் புண்ணாகிவிட்டது. "எம்புள்ள எதுக்கு நடக்கணும், அவ அப்பா இருக்காகள்ல" என்று அவர் மனைவி குருவம்மாள் அதைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாள்.

1988இல், சண்முகத்தாய் எட்டாவது படிக்கும்போது, அவளுக்கு அடிக்கடி குளிர் காய்ச்சல் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனார் தனுஷ்கோடி. ஒன்றுக்குப் போனால் எரிகிறதா என்று கேட்டுவிட்டு, "எம்புட்டுத் தண்ணி குடிப்ப?" என்றார் அந்த அம்மா.

"நல்லாக் குடிப்பாம்மா" என்றார் தனுஷ்கோடி.

"நான் அவளக் கேட்டேன்."

சண்முகத்தாய் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையசைத்த பிறகே வாய் திறந்தாள். "பள்ளிக்கூடத்துல குடிக்க மாட்டேன். குடிச்சா வெளிய போணும்ல? அங்க யாரு தூக்குவா?"

எட்டு வருஷமாகப் பள்ளிக்கூட நேரம் முழுக்க நாக்கு வறண்டு கிடந்திருக்கிறாள். தினமும் கொண்டுபோய் விட்டவருக்கு அது தெரியவில்லை.

அவருக்கு இருமல் வந்தது. நிற்கவில்லை. சண்முகத்தாயை ஊசி போட அடுத்த அறைக்குத் தூக்கிப்போகும்படி நர்ஸிடம் சொல்லிவிட்டு, டாக்டரம்மா குழலை அவர் முதுகில் வைத்துக் கேட்டார்.

"பஞ்சு மில்லா? எத்தன வருஷம்?"

"பத்தொம்பதும்மா."

"ஒங்க மகளுக்கு மருந்து இருக்கு, எழுதித் தாரேன். பஞ்சுத் தூசி அரிச்ச நெஞ்சுக்கு எழுத எங்கிட்ட மருந்து இல்ல. இனிமே பாரம் தூக்காதீங்க. இப்படியே போனா அடுத்த வருஷம் நீங்க படியேற மாட்டீங்க. அப்ப அவள யாரு தூக்குவா?"

மில்லில் போய்ச் சொன்னார். "பீடியக் கொற" என்று அனுப்பிவிட்டார்கள். அவர் பீடியைத் தொட்டதே இல்லை.

அன்றைக்கே பரணிலிருந்து பூட்ஸ் இறங்கியது. வீட்டில் குருவம்மாளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். ஆனால் மகள் காதில் போடவில்லை. ஒரு மாதம் வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடை. புண் வந்து, ஆறி, மறுபடி வந்தது. எதற்காக இந்தத் தண்டனை என்று சண்முகத்தாய்க்குப் புரியவில்லை. அதற்குப் பிறகு ஒரு காலையில் தெருவில் இறக்கினார்.

சாக்கடை ஓரத்தில் விழுந்தாள். பக்கத்து வீட்டு ரெங்கநாயகி குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"தொடாத! யாரும் தூக்கக் கூடாது!" என்று கத்தினார் தனுஷ்கோடி.

"அய்யய்யோ ராமா, நீரெல்லாம் தகப்பனா? ராட்சசன்!"

டீக்கடை மொக்கைச்சாமி கிளாஸைக் கழுவிக்கொண்டே குரல் கொடுத்தார். "ஏலே தனுஷ்கோடி, மொதலாளி மேல உள்ள கோவத்தப் புள்ள மேல காட்டுதியோ? பொட்டப்புள்ள நடந்து போயி என்ன கலெக்டராவா ஆகப் போவுது?"

"ஆவா, ஆவாமப் போவா. ஒண்ணுக்குப் போக இன்னொருத்தர் கையப் பாக்க வேண்டாம்லா?"

சண்முகத்தாய் கையை ஊன்றினாள், வழுக்கினாள். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. தனுஷ்கோடி தன் இரண்டு கைகளையும் அக்குளில் இறுக்கிக்கொண்டு நின்றார். விட்டால் அந்தக் கைகள் தாமே போய்த் தூக்கிவிடும்.

மறுபடி முயன்றாள். முழங்கால் கம்பியைப் பூட்டி, சுவரைப் பிடித்து, மெல்ல எழுந்தாள். பாவாடையெல்லாம் சேறு. அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இனிமே நான் ஒங்க கூடப் பேச மாட்டேன்."

"சரி தாயி."

"பின்னாலயும் வராதீங்க."

அவள் கம்பி சத்தத்தோடு போனாள். அவர் நாலு எட்டு வைத்தார். நெஞ்சு அடைத்தது. சாக்கடைப் பாலத்துக் கல்லில் உட்கார்ந்து, கரையில் போட்ட மீனாக வாயைத் திறந்து திறந்து மூடினார்.

மொக்கைச்சாமி பதறி ஓடிவந்தார். "ஏலே, என்னலே பண்ணுது? புள்ளயக் கூப்பிடவா?"

வேண்டாம் என்று தனுஷ்கோடி கையை ஆட்டினார். பொங்கி வந்த இருமலைத் துண்டால் வாயைப் பொத்தி அடக்கினார். அவள் இன்னும் தெருமுனையைத் தாண்டவில்லை. கேட்டால் திரும்பிவிடுவாள்.