என் பெயரில் ஒரு கேஸ் ஷீட்

நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. தொண்ணூறுகளின் கடைசியில் செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எனக்கு ரெக்கார்டு அறை வேலை. பிரபலங்கள் யாராவது வந்து சேர்ந்தால், விஷயம் வெளியே கசியாமலிருக்க அவர்கள் பெயரில் கேஸ் ஷீட் போடமாட்டோம். மருந்தளவு குழம்பிவிடக் கூடாது என்று, அதே வயதுள்ள ஊழியர் ஒருவரின் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொள்வது எங்கள் வழக்கம்.

கடப்பாக்கத்தில் படப்பிடிப்பின்போது மயங்கி விழுந்த நடிகை ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். அவளுக்கும் என் வயதுதான். "உன் பேரு போட்டுக்கிறேம்மா" என்றார் ஹெட் நர்ஸ். சரி என்றேன். அவளுக்கு மூன்று மாதக் கரு தானாகக் கலைந்திருந்தது.

இரண்டே வாரம். ஒரு வாரப் பத்திரிகையில் அந்த ஷீட்டின் நகல், பக்கத்தில் நடிகையின் படம், 'பொய்ப் பெயரில் கருக்கலைப்பு' என்று கொட்டை எழுத்து. ரெக்கார்டு பீரோ சாவி என்னிடமும் இன்ஷூரன்ஸ் பிரிவுக்காரனிடமும்தான் உண்டு. தினமும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவன். கேட்டேன். பாவி, மறுக்கக்கூட இல்லை.

"சினிமாக்காரங்களுக்கு இன்னாமா மானம் கீது? உன் பேரு கீறத நான் கவனிக்கல, அவ்ளோதான்."

அவ்வளவுதானாம்! நடிகையின் தரப்பு மறுப்பு விட்டது: அவர் அந்த ஆஸ்பத்திரிக்கே போகவில்லை, ஷீட்டில் இருப்பது செங்கல்பட்டுப் பெண் ஒருத்தியின் பெயரும் விலாசமும் என்று. அவர்களைச் சொல்லி என்ன பயன்? பழி என் தலையில் விழுந்தது. நிர்வாகம் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, வாயைத் திறக்காதே என்றது.

அச்சரப்பாக்கத்தில் எனக்கு மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. பத்திரிகையைக் கையில் சுருட்டிக்கொண்டு அவர் அம்மா வந்துவிட்டார்.

"இது அந்த நடிகையோடதுதான்னு உன் வாயால சொல்லிடும்மா. கல்யாணம் நடக்கும்."

அப்பா என்னையே பார்த்தார். "என்னோடது இல்லீங்க. யாரோடதுன்னு நான் சொல்லக் கூடாது" என்றேன்.

"அப்ப உன்னோடதுதான்" என்று அந்த அம்மா எழுந்துவிட்டார். நிச்சயப் புடவை மறுநாள் திரும்பிப் போனது.

சாப்பாட்டு நேரத்தில் விஷயம் தெரிந்து, அந்த இன்ஷூரன்ஸ் பிரிவுக்காரன் உச்சுக் கொட்டினான். "எங்கைல ஒரு வார்த்த சொல்லிருந்தா நானே வந்து அந்த நடிகைதான்னு சொல்லிருப்பேனே."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. "வெக்கமே கிடையாதாய்யா உனக்கு? சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு போர்வைய வாயில அடைச்சிக்கினு அழுதுச்சுய்யா அந்தப் பொண்ணு. நான் பாத்தேன்" என்று கத்திவிட்டேன்.

"அழுதுச்சா? இன்னா சொல்லி அழுதுச்சு?" என்று கேட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.