துரையிடம் தோற்க முடியாத அப்பா

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இன்று திண்டிவனம் வீட்டுக்கு வந்து எங்களோடு அமர்ந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளாக நான் எழுதும் சில வார்த்தைகள் இவை. நல்லதை மட்டும் எழுதச் சொன்னார்கள். முயல்கிறேன்.

அப்பா பிறந்தது காணையில். சிறுவயதிலேயே தகப்பனை இழந்து, மாமன் வீட்டுச் சோற்றில் படித்து, விழுப்புரம் ரயில்வே கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தா ஆனார். அங்கு அதிகாரியாக இருந்த வெள்ளைக்காரத் துரைக்குக் கோல்ஃப் என்றால் உயிர். காலனிக்குப் பின்னால் கட்டாந்தரையில் குழிகள் வெட்டி, புல் முளைக்காததால் பந்து சீராக உருள அவற்றைச் சுற்றிலும் எண்ணெய் பிசறிய மணலைப் பரப்பி வைத்திருந்தார். கூட ஆடத்தான் ஆளில்லை. ஒருநாள் வேடிக்கைக்காக அப்பாவிடம் மட்டையைக் கொடுத்தார். கிட்டிப்புள் அடித்துப் பழகிய கை. பந்து வேலியைத் தாண்டிக் கரும்புக் கொல்லையில் போய் விழுந்தது. அன்றைக்கே பிடித்தது சனி.

காசுக்காக ஆடியவரில்லை அப்பா. ஆனாலும் இந்தப் பக்கத்தில் அவரை வென்ற துரை கிடையாது. ஒருமுறை சென்னைப் போட்டிக்கு அழைத்துப் போனார்கள்; அங்கும் ஜெயித்தார். கோப்பை துரையின் பங்களாவுக்குப் போயிற்று. அப்பா ஆபீசுக்குப் போனார்.

பக்கவாதத்தில் கிடந்த தன் அப்பாவை விட்டு அம்மாவால் திண்டிவனத்திலிருந்து நகர முடியாது. அப்பாவுக்கு விடுமுறை ஞாயிறு மட்டுமே. அதைத் துரை எடுத்துக்கொண்டார். எப்போதாவது கடைசி பாசஞ்சரில் வந்து, நாங்கள் எழும் முன் கிளம்பிவிடுவார். திண்டிவனத்துக்கு மாற்றல் கேட்டபோதெல்லாம், "உன்னை ஒருநாள் ஜெயித்தபிறகு கையெழுத்துப் போடுகிறேன்" என்று துரை சிரிப்பாராம்.

அம்மாவுக்கு வழி சுலபமாகப் பட்டது.

"ஒரே ஒரு தபா தோத்துட்டு வாங்களேன். என்னா கொறஞ்சிடப் போவுது?"

"அதுவும் சரிதான். வர்ற ஞாயித்துக்கெழம தோத்துடறேன்" என்றார் அப்பா.

தோற்கவும் செய்தார். கடைசிக் குழிக்கு ஒரு முழம் இருக்கையில் பந்தை வேண்டுமென்றே விலக்கி அடித்தார். குழந்தைகூடப் போட்டுவிடும் தூரம் அது. துரையின் முகம் சிவந்துவிட்டது. குமாஸ்தா தனக்குப் பிச்சை போட்டதாக நினைத்தார் போலும். நிஜமாக ஜெயிக்கும்வரை மாற்றல் பேச்சையே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஜெயித்தாலும் வர முடியாது, தோற்றாலும் வர முடியாது. இருதலைக்கொள்ளி எறும்பாகவே அப்பாவின் காலம் கழிந்தது. தம்பி பிறந்த சேதி ஆட்டத்தின் நடுவில் அவருக்குப் போயிற்று. ஆட்டம் முடிந்துதான் வந்தார்.

துரை கப்பலேறிய பிறகே மாற்றல் கிடைத்தது. அப்பா நெஞ்சு நோயோடு வந்து சேர்ந்தார். எங்களோடு இருந்தது ஒரு மழைக்காலம்தான். ஒருநாள் கஞ்சி குடித்துக்கொண்டே அம்மாவிடம், "அந்தாளு கண்டுபுடிக்காத மாதிரியும் தோத்திருக்கலாம். கை கேக்கல" என்றார். எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

அப்பாவிடம் ஆடக் கற்ற ரயில்வே பிள்ளைகள் இருவர் இன்று சென்னையில் பேரோடு ஆடுகிறார்கள். அவர்களுக்கும், வீடு தேடி வந்து பார்த்த வைத்தியருக்கும், முதல் ரயிலிலேயே வந்து தோள் கொடுத்த கூட்ஸ் ஆபீஸ்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அப்பா இறந்த அன்று அவர்களில் ஒருவர், சீமையிலிருக்கும் துரைக்குத் தந்தி கொடுக்கலாமா என்று கேட்டார். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"வேணாங்க. தெரிஞ்சா வந்து எழுப்பி இட்டுக்கினு போயிடுவாரு. இன்னிக்கு ஞாயித்துக்கெழம. இன்னிக்காவது வூட்ல இருக்கட்டும்."