ஏரியில் நட்ட கேமரா

மரக்கைபோ ஏரியில் எங்கள் வீடுகளெல்லாம் தண்ணீருக்குள் கம்பம் ஊன்றிக் கட்டியவை. ஒருவர் நடந்தால் வீடே ஆடும். பக்கத்து வீட்டு நேரியோவுக்கு அதுதான் வினையாகப் போனது. மீன் பிடிக்கிறவன், இங்கே ராத்திரி தவறாமல் வெட்டி, ஊரே பார்த்துச் சலித்த மின்னலைப் படம் பிடிக்கக் கிளம்பினான். மின்னல் பதிய கேமராவின் கண்ணை வெகுநேரம் திறந்து வைத்துவிட்டால் வீட்டில் யாரும் அசையக் கூடாது. அசைந்தால் படத்தில் மின்னல் கோழி கிளறிய குப்பையாக விழும்.

அவன் பெண்டாட்டி எடிக்ஸா அடுப்படியில் சிலையாக நிற்பாள். சட்டியில் வாழைக்காய் கருகும். ஒரு மாலை அவள் பொறுமை போய், தாய் வீட்டுக்குக் கிளம்பத் துணி மூட்டை கட்டினாள்.

"இந்த வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும். கொண்டுபோய் ஏரியில நடு உன் பெட்டிய."

திட்டையும் யோசனையாக எடுத்துக்கொள்கிற ஜென்மம் அவன். மறுநாளே வீட்டை விட்டுத் தள்ளி, வீட்டுக்குக் கால் போடுகிற கம்பம் ஒன்றை ஏரியில் அடித்து இறக்கினான். அதன் உச்சியில் கேமராவைக் கட்டினான்.

"இன்னிக்கு எடுக்கிற படத்தப் பாத்துட்டுப் போ," என்று மூட்டையோடு நின்றவளைக் கெஞ்சினான்.

அன்று அந்தி மின்னலில் எடுத்த படத்தில், வீட்டுக்குப் பின்னால் மின்னல் வேர்விட்ட மாதிரி தெளிவாக நின்றது. அடுப்படி விளக்கில் எடிக்ஸா மட்டும் புகையாகக் கலைந்திருந்தாள்.

"நீ அசைஞ்சிட்டியே."

"மின்னலே நிக்குது பாரு. இந்த வீட்ல ஓடுறவ நான் ஒருத்திதான்."

அன்றைக்கு வாழைக்காயை அவன் வறுத்தான், அவள் மூட்டையை அவிழ்த்தாள். காய் கருகித்தான் போனது.